மடிப்பிச்சை டிக்கெட்டு

ஊருல எல்லாரும் பஸ் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. எங்க வூட்டுல மட்டும் பஸ் வந்த பிறகும் காத்திருக்கணும். ஒரு பஸ் வரும், விடணும். அடுத்தது வரும், அதையும் விடணும். வண்டி காலியா இருந்தாலும், ஜன்னலோரத்துல சீட்டு இருந்தாலும், கண்டக்டர் கையைக் காட்டிக் கூப்பிட்டாலும் ஏறக் கூடாது. பச்சை வண்டி வந்தா மட்டும்தான் ஏறணும். இது எங்கப்பா போட்ட சட்டம். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல நான் விட்ட பஸ்ஸுங்களை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

இது எண்பதுகள்ல நடந்தது. அப்ப எனக்கு இருபது வயசு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு தர்மபுரியில ஒரு உர ஏஜென்சி ஆபீஸ்ல டைப் அடிச்சிட்டிருந்தேன். காலையில பென்னாகரத்துல ஏறினா இண்டூர் வழியா தர்மபுரி. சாயந்திரம் அதே வழியில திரும்பணும். அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல கிளார்க். அம்மா வூட்டோட. நான் ஒரே பொண்ணு. முன்ன காடு வெச்சு உழுதுக்கிட்டிருந்த வேதக்கார, அதான் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுது. அப்பா காலத்துலதான் சட்டை போட்ட உத்தியோகத்துக்கு வந்தோம். அந்தச் சட்டை கசங்கிடக் கூடாதுன்னு அப்பாவுக்கு வாழ்க்கை பூரா ஒரே கவலை.

பச்சை வண்டி பிரைவேட் வண்டி. கவர்மெண்ட் பஸ்ஸுங்க அதிகமானதும் அதுல கூட்டம் குறைஞ்சு போச்சு. முதலாளி யோசிச்சு, வண்டிக்குள்ள ஒரு தகரப் பலகையை அடிச்சு மாட்டினாரு. எங்க வண்டியில போற முழு டிக்கெட்டைப் பத்திரமா சேர்த்து வெச்சு, நூறு நூறாக் கட்டி ஆபீஸ்ல கொண்டாந்து குடுங்க, இத்தனை கட்டுக்கு ஒரு சீட்டுன்னு வருசத்துக்கு ஒரு தடவை டூர் கூட்டிட்டுப் போறோம்னு எழுதியிருந்துச்சு. ஸ்ரீரங்கம், நாகூர், வேளாங்கண்ணின்னு எல்லாச் சாமிக்கும் சேர்த்து ஒரே டூர். சாப்பாடு உட்பட இலவசம். முழு டிக்கெட்டுன்னா பென்னாகரத்துல இருந்து தர்மபுரி வரைக்கும் போற ரோஸ் கலர் டிக்கெட்டு. இண்டூர்ல ஏறுறவங்களோட மஞ்ச டிக்கெட்டு கணக்குல சேராது.

ஊரே சிரிச்சுது. டிக்கெட்டு எதுக்கு, காது குடையறதுக்கும் வாட்ச் வாருல சொருகறதுக்கும்தானே. எங்கப்பா மட்டும் சிரிக்கலை. அந்தப் பலகையை ஆபீஸ் சர்க்குலர் படிக்கிற மாதிரி நின்னு நிதானமா படிச்சிட்டு வந்தாரு. வந்ததும் அலமாரியில இருந்த பிஸ்கட் டின்னை எடுத்து, உள்ள இருந்த ஊசி நூலு பட்டனெல்லாம் கொட்டிட்டுத் துடைச்சு வெச்சாரு. அம்மா என்னங்கன்னு கேட்டதுக்கு, "இரு, உன் வேண்டுதலுக்கு வழி பொறந்திருக்கு"ன்னாரு.

அந்த வேண்டுதலைச் சொன்னாத்தான் நான் மாட்டிக்கிட்ட கதை புரியும். எனக்கு நாலு வயசுல மூளைக் காய்ச்சல் வந்துச்சாம். டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்களாம். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவுலயே முழங்கால் போட்டு, "மாதாவே, என் புள்ளையைக் குடுத்துடு, மடிப்பிச்சை எடுத்து, அவளையும் கூட்டிக்கிட்டு வந்து உன் காலடியில கொட்டுறேன்"னு வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கிச்சாம். நான் பொழைச்சுக்கிட்டேன். மடிப்பிச்சைன்னா தெரியுமில்ல, முந்தானையை ஏந்திக்கிட்டு வூடு வூடா நின்னு வாங்கணும். நம்ம கைக்காசுல போனா அது நேர்ச்சை ஆகாது. நாலு பேரு முன்னாடி தலையைக் குனிஞ்சு கேக்கறதுதான் அதுல முக்கியம்.

அதுக்குத்தான் அப்பா ஒத்துக்கலை. "யூனியன் ஆபீஸ் கிளார்க்கு பொண்டாட்டி முந்தானை ஏந்தறதா? நாளைக்கு நான் ஆபீஸ்ல எப்படி உக்காருவேன்?" வேணும்னா நான் டிக்கெட்டு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிப் பார்த்தாரு. அம்மா மாட்டேன்னுடுச்சு. ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துல உக்காந்துக்கிட்டாங்க, நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். ஏன்னா நேர்ச்சை தீராத புள்ளையை வெளியூர்ல தங்க விடக் கூடாதுன்னு அம்மாவுக்கு ஒரு பயம். மாதா குடுத்த உசுரு, சொன்ன வார்த்தையைக் காப்பாத்தாம கண்ணுக்கு மறைவா விட்டா திருப்பி எடுத்துக்குவான்னு. ஸ்கூல் டூருக்கு விடலை. சேலத்துல நர்ஸிங் படிக்க இடம் கெடைச்சுது, அதுக்கும் விடலை. "உன் வேண்டுதல் முடியட்டும் பாப்பா"ன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு இருபது வயசாயிடுச்சு.

இப்படி இருக்கறப்பத்தான் பச்சை வண்டிப் பலகை வந்துச்சு. அப்பா அம்மாவை உக்கார வெச்சு விளக்குனாரு. "இங்க பாரு, இது நம்ம காசுல போறதில்லை. இலவசம். இலவசம்னா பிச்சை மாதிரிதானே?" அம்மா அவ்வளவு சுலபமா மசியலை. "பிச்சைன்னா மத்தவங்க கையில இருந்து என் மடியில விழணும்ங்க." அப்பா கொஞ்சம் யோசிச்சாரு. "சரி, மத்தவங்ககிட்ட டிக்கெட்டைக் கேளு. காசு கேட்டாத்தான் அசிங்கம். பயணம் போயிட்டு வந்த டிக்கெட்டு வெறும் காகிதம். அதைக் கேட்டா யாரு என்ன சொல்லப் போறாங்க? டிக்கெட்டும் பிச்சைதான், மாதா ஏத்துக்குவா." சொல்லிட்டு அவருக்கே பெருமை தாங்கலை. பதினாறு வருசமா தீராத ஒரு சிக்கலை ஆபீஸ் மூளையால அவுத்துட்டாரில்ல.

அவுந்தது அவங்க சிக்கலு. இறுகினது என் கழுத்து.

அன்னையில இருந்து நான் பொண்ணா இல்லை, ரோஸ் டிக்கெட்டு காய்க்கிற மரமாயிட்டேன். எங்க வூட்டுல தினமும் தர்மபுரி போயிட்டு வர்றது நான் ஒருத்திதான். போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. சாயந்திரம் வூட்டுக்குள்ள காலை வெச்சதும், "சாப்பிட்டியா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி அப்பா கையை நீட்டுவாரு. டிக்கெட்டை வாங்கி, மூலை மடிஞ்சிருந்தா நகத்தால நீவி, பென்சிலால ஒரு சின்ன டிக் போட்டு டின்னுக்குள்ள வெப்பாரு. கிழிஞ்சது செல்லாது, நனைஞ்சது செல்லாது. வருசம் மாறினா டிக்கெட்டு கலரையே மாத்திடுவாங்களாம், அதனால பழசை முதல்ல கட்டணும். ஒரே வூட்டு விலாசத்துல சேரணும், டூர் போறவங்க பேரை முன்னாடியே ஆபீஸ்ல பதிஞ்சு வெக்கணும். எங்கப்பா இதுல பெரிய பண்டிதராயிட்டாரு. அக்கம்பக்கத்துல யாராவது, "எங்களுதும் கொஞ்சம் இருக்குங்க, எப்படிங்க சேர்க்கறது"ன்னு வந்து கேட்டா, நாற்காலி போட்டு உக்கார வெச்சு, அங்கங்க பிரிச்சு வெச்சா யாருக்கும் பிரயோசனமில்லைன்னு பேசிப் பேசி, கடைசியில அவங்க டிக்கெட்டையும் எங்க டின்னுக்கே கறந்துடுவாரு.

சில்லறை பாக்கின்னா வேற வம்பு. கண்டக்டர்கிட்ட சில்லறை இல்லைன்னா டிக்கெட்டு முதுகுல பாக்கியை எழுதிக் குடுத்துடுவாரு. இறங்கறப்ப டிக்கெட்டைக் குடுத்துட்டுத்தான் பாக்கியை வாங்கணும். பாக்கி வேணுமா டிக்கெட்டு வேணுமா? எங்கப்பா சட்டப்படி டிக்கெட்டுதான் வேணும். பாக்கியைக் கேக்காம இறங்குற என்னைப் பார்த்து பச்சை வண்டிக் கண்டக்டர் சிரிப்பாரு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆளு, வூட்டுல கன்னடம் பேசுறவரு. "பேக பேக, சீக்கிரம் ஏறும்மா, வேளாங்கண்ணி வந்துடப் போகுது"ன்னு நான் ஏறுறப்பல்லாம் விசிலோட ஒரு கிண்டலு. மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கும்.

ஆபீஸ்ல தினமும் திட்டு. "ஏம்மா, உனக்கு முன்னாடி ரெண்டு பஸ் வந்திருக்கு, அதுல வந்தவங்கல்லாம் உக்காந்து வேலை பாக்கறாங்க, நீ எங்க போயிருந்த?" என்ன பதில் சொல்றது? எங்க வூட்டுல கவர்மெண்ட் பஸ்ஸுல ஏறக் கூடாதுங்க சார்னா? தலைவலின்னேன், வயித்துவலின்னேன். ஒரு தடவை மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னேன். கவர்மெண்ட் பஸ் கண்டக்டர் பாவப்பட்டு வண்டியை நிறுத்தி, "ஏறும்மா"ன்னாரு. படியில ஒரு காலை வெச்சிட்டேன். அப்ப டீக்கடையில இருந்து யாரோ, "அட, கிளார்க்கு பொண்ணு, உங்க வண்டி அது இல்லம்மா"ன்னு கத்தினாங்க. காலை எடுத்துட்டேன். ஊரே அப்பாவுக்கு வேலைக்காரனாட்டம் ஆயிடுச்சு.

அம்மா என்ன பண்ணுச்சுன்னா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முந்தானையை ஏந்திக்கிட்டுக் கெளம்பிடும். "தாயீ, மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டது, பழைய ரோஸ் டிக்கெட்டு இருந்தா போடுங்க." காசைப் போட வந்தவங்களைத் தடுத்துடும், அப்பா சொன்ன ஒப்பந்தம் அது. அம்மாவோட முகம் அந்தச் சமயத்துல வேற மாதிரி இருக்கும். வூட்டுல பேசாத பேச்செல்லாம் பேசும், சிரிக்கும். துணிக்கடை பாய் வூட்டம்மாதான் அதிகமா போட்டாங்க. அவங்க வூட்டுக்காரரு சரக்கெடுக்க அடிக்கடி தர்மபுரி போறவரு. "தங்கச்சி, நாகூருக்கும் போறீங்கல்ல, எனக்காக தர்காவுல ஒரு பாத்தியா ஓதிட்டு சர்க்கரை கொண்டாந்துடு"ன்னு சொல்லிச் சொல்லிப் போடுவாங்க. அம்மாவும் அவங்களும் வாசல்ல உக்காந்து டூரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா முடியாது. நான் பக்கத்துல நின்னு பல்லைக் கடிச்சிக்கிட்டிருப்பேன்.

டின்னு நெரம்பிக்கிட்டு வர்ற நேரத்துலதான் ஓசூர் வேலை வந்துச்சு. அப்ப ஓசூரும் எங்க மாவட்டம்தான். அங்க புதுசா வந்த ஒரு கம்பெனியில பொம்பளைப் புள்ளைங்களை எடுத்தாங்க. என்கூட டைப்ரைட்டிங் படிச்சவ ஒருத்தி முதல்லயே சேர்ந்துட்டா. அவ லீவுல வந்தப்ப கையில வாட்ச், கால்ல ஹீல்ஸ் செருப்பு, பேச்சுல ஒரு தெனாவெட்டு. "ஹாஸ்டல் இருக்குடி, மெஸ் இருக்கு, ஞாயித்துக்கிழமை எங்க போனாலும் எவனும் கேக்க மாட்டான்"னா. எவனும் கேக்க மாட்டான்ங்கற அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். தர்மபுரிக்கு அவங்க ஆள் எடுக்க வந்தப்ப மத்தியான சாப்பாட்டு நேரத்துல போயி டெஸ்ட் எழுதினேன். செலக்ட் ஆயிட்டேன். ஒண்ணாந்தேதி வந்து சேருன்னாங்க.

வூட்டுல சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காம அடுப்பைப் பார்த்துக்கிட்டு, "நேர்ச்சை முடியட்டும் பாப்பா"ன்னுச்சு. அது எனக்குத் தெரிஞ்ச பதிலுதான். அப்பாவாவது படிச்ச மனுசன், ஆபீஸ் பார்த்தவரு, ஏதாவது சொல்லுவாருன்னு பார்த்தேன். அவரு டின்னை மடியில வெச்சிக்கிட்டு யோசனையா, "நீ போயிட்டா தினம் ரெண்டு டிக்கெட்டு யாரு கொண்டாருவா?"ன்னாரு.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ தெரியலை. "நான் உங்களுக்குப் பொண்ணாப்பா, டிக்கெட்டாப்பா?"ன்னு கத்திட்டேன். அப்பா கோவப்படலை. கோவப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. பொறுமையா, ஆபீஸுக்கு வந்த விவரம் தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. டூருக்குப் போயிட்டு வந்துட்டா உங்கம்மாவே உன்னை அனுப்பிடுவா. இப்ப பாதியில விட்டா சேர்த்ததெல்லாம் வீணு, கலரு மாறிடும். எல்லாமே உனக்காகத்தான் பாப்பா. அதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லைங்கறதுதான் கொடுமை. ரெண்டு பேருல யாரும் எனக்குக் கெடுதல் நினைக்கலை. ஆனா கதவு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியலை. ஒண்ணாந்தேதி வந்துச்சு, போச்சு. அன்னைக்கும் பச்சை வண்டிக்குத்தான் நின்னேன்.

டின்னு நெரம்புச்சு. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கட்டுகளை ஆபீஸ் பைலு கட்டற நாடாவால கட்டி, என்னையும் கூட்டிக்கிட்டு தர்மபுரியில இருந்த பச்சை வண்டி ஆபீஸுக்குப் போனாரு. மேனேஜர் கட்டைத் தூக்கிப் பார்த்து, "அருமையாக் கட்டியிருக்கீங்க சார், இந்த மாதிரி யாரும் கொண்டாந்ததில்லை"ன்னாரு. அப்பா முகத்துல அவ்வளவு சந்தோசம். அடுத்த நிமிசமே மேனேஜர், "ஆனா பாருங்க, இந்த வருச டூர் வண்டி ரொம்பிடுச்சு. அடுத்த வருசம் போயிக்கலாம். டீசல் வெலை ஏறிப்போச்சுல்ல, அதனால அடுத்த வருசத்துல இருந்து ஒரு சீட்டுக்கு இன்னும் ரெண்டு கட்டு அதிகமாக் கேக்கறாரு முதலாளி"ன்னாரு. கலர் மாறுமேன்னு அப்பா கேட்டாரு. உங்களுக்காகப் பழைய கலரையும் ஏத்துக்கறோம் சார்னு ஏதோ வரம் குடுக்கற மாதிரி சொன்னாரு மேனேஜர்.

அப்பா கொதிச்சு எழுந்து நாலு கேள்வி கேப்பாருன்னு பார்த்தேன். ஒரு கேள்வி கேக்கலை. கட்டுகளைத் திரும்பப் பையில அடுக்கினாரு. வெளிய வந்து, "ஒரு வருசம்தானே பாப்பா, நாம விட்டுடக் கூடாது"ன்னாரு. பச்சை வண்டி கெளம்ப இன்னும் நேரம் இருந்துச்சு. முன்னாடி நின்ன கவர்மெண்ட் பஸ்ஸைக் காட்டினேன். அப்பா வேணாம்னு தலையை ஆட்டிட்டாரு. அந்த பஸ் ஸ்டாண்டுல, அத்தனை ஜனம் நடுவுல, நான் அழுதேன். நாலு பேரு பார்க்கறாங்கன்னு அப்பா குடையை விரிச்சு என் முகத்தை மறைச்சாரு.

அந்த வாரமே ஓசூர்ல இருந்து என் சிநேகிதி ஆள் மூலமா சொல்லி அனுப்பிச்சா. விட்டுப்போன புள்ளைங்களுக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கறாங்களாம், அடுத்த புதன்கிழமைக்குள்ள வந்து சேர்ந்துடணுமாம், இதுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். நான் வூட்டுல அதைச் சொல்லக்கூட இல்லை. சொல்லி என்ன ஆகப் போகுது? சோறு எறங்கலை. பாயை விரிச்சுச் சுருண்டு படுத்துக்கிட்டேன். சேதி கொண்டாந்த ஆளு வாசல்லயே அம்மாகிட்டயும் சொல்லிட்டுத்தான் போயிருக்காருன்னு எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்தேன். அப்பா ஏரியூர் பக்கம் கேம்ப் போயிருந்தாரு, ஞாயித்துக்கிழமை காலையில நேரா பூசைக்குத்தான் வருவாரு. அம்மா மொகம் கழுவி, நல்ல சேலை கட்டி, மடி பெருசா இருக்க, "வா பாப்பா, கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்"ன்னுச்சு. இன்னைக்கு யாரு இவ்வளவு போட்டாங்கன்னு கேட்டேன். முந்தானையை இறுக்கிப் புடிச்சிக்கிட்டு முன்னாடி நடந்துச்சு. எங்க கோயில் வளாகத்துல மாதா கெபி ஒண்ணு இருக்கு. கல்லு அடுக்கிக் குகை மாதிரி கட்டி, உள்ள வேளாங்கண்ணி மாதா சுரூபம். காலடியில இரும்பு உண்டியல். அம்மா அதுக்கு முன்னாடி முழங்கால் போட்டு, என்னையும் பக்கத்துல முழங்கால் போட வெச்சு, மடியை அவுத்துச்சு. எல்லாம் டிக்கெட்டு. அப்பாவோட நாடா முடிச்சுகளை அவுத்து, டின்னையே கவுத்துக்கிட்டு வந்திருந்துச்சு.

"அம்மா, என்னம்மா இது, அப்பா கொன்னுடுவாரும்மா." அம்மா ரெண்டு மூணு டிக்கெட்டா மடிச்சு உண்டியல் வாய்க்குள்ள தள்ள ஆரம்பிச்சுது. "மடிப்பிச்சை எடுத்து, உன்னைக் கூட்டிக்கிட்டு வந்து, காலடியில கொட்டுறேன்னு சொன்னேன். சொன்னதுல எது கொறைஞ்சுது?" இது வேளாங்கண்ணி இல்லையேம்மான்னேன். "இந்தச் சுரூபம் அங்க மந்திரிச்சுக் கொண்டாந்ததுதான். நம்மளால அவகிட்டப் போக முடியலைன்னு அவளே பென்னாகரம் வந்து இத்தனை வருசமா உக்காந்திருக்கா, எனக்குத்தான் புத்தியில்லை." சொல்லிக்கிட்டே தள்ளுது. ஒரு டிக்கெட்டு வாயில சிக்கிக்கிச்சு. நான் ஹேர்ப்பின்னை எடுத்துக் குத்தி உள்ள தள்ளினேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டுத் தள்ளினோம். நடுவுல எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அம்மாவுக்கும் வந்துடுச்சு. கெபி முன்னாடி அப்படிச் சிரிக்கலாமான்னு தெரியலை, சிரிச்சோம்.

வர்ற வழியில அம்மா துணிக்கடை பாய் வூட்டுல நின்னு, உங்க சர்க்கரைக்கு வழியில்லாமப் போச்சுங்கக்கான்னு சொல்லுச்சு. அவங்க அம்மா கையைப் புடிச்சிக்கிட்டு, "புள்ளைக்காகத்தானே தங்கச்சி, போகுது போ"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உண்டியல் திறக்கற நாளு. எங்க பங்குக் கோயில்ல உண்டியல் எண்ணுறது யாருன்னு நினைக்கறீங்க? எங்கப்பாதான். கிளார்க்கு கை சுத்தம்னு சாமியார் அவரைத்தான் கூப்பிடுவாரு. நானும் அம்மாவும் வராந்தாவுல உக்காந்திருந்தோம். உள்ள உண்டியலைக் கவுத்த சத்தம் கேட்டுச்சு. எப்பவும் கலகலன்னு சில்லறை கொட்டும். அன்னைக்குப் பொத்துன்னு ஒரு சத்தம்தான். அப்புறம் சாமியாரோட குரலு, "என்னய்யா இது, பஸ் டிக்கெட்டா இருக்கு?"

அப்பா ரெண்டு கையிலயும் ரோஸ் டிக்கெட்டை அள்ளிக்கிட்டு வெளிய வந்தாரு. ஒவ்வொண்ணுலயும் அவரு போட்ட பென்சில் டிக்கு. மொகம் செத்துப்போயிருந்துச்சு. சாமியார் பின்னாடியே வந்து விசயத்தைக் கேட்டுட்டு, "உங்களுதுன்னா எடுத்துக்கிட்டுப் போங்கய்யா, நான் இதை வெச்சு என்ன பண்ணப் போறேன்"ன்னாரு. நல்ல மனசுலதான் சொன்னாரு. அப்பா எடுத்துக்கிட்டாருன்னா அவ்வளவுதான், மறுபடியும் டின்னு, மறுபடியும் பச்சை வண்டி, புதன்கிழமை போயிடும், அதோட எல்லாம் போயிடும்.

அம்மா எழுந்து நின்னுச்சு. பூசைக்கு வந்தவங்க பாதிப் பேரு இன்னும் போகலை. அத்தனை பேரு முன்னாடி அம்மா அப்பாகிட்டப் பேசி நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. "ஏனுங்க, நீங்கதானே சொன்னீங்க, டிக்கெட்டும் பிச்சைதான், மாதா ஏத்துக்குவான்னு? ஏத்துக்கிட்டா. அது இப்ப உங்களுதும் இல்லை, என்னுதும் இல்லை. உண்டியல்ல விழுந்ததை எடுத்து வூட்டுக்குக் கொண்டு போறதுன்னா கொண்டு போங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க." குரலை ஒசத்தலை, சோறு போடட்டுமான்னு கேக்கற மாதிரி கேட்டுச்சு.

அப்பா சுத்திப் பார்த்தாரு. உண்டியல் எண்ணுற கை அது. உள்ள போயி, கையில இருந்ததை அப்படியே மேசை மேல வெச்சிட்டு வந்தாரு. கீழ விழுந்து கெடந்த ரெண்டைக்கூட குனிஞ்சு எடுத்துட்டுப் போயி வெச்சாரு. அப்புறம் எங்களை விட்டுட்டு முன்னாடி நடந்து போயிட்டாரு. எனக்கு அவரு மேல அப்ப பாவமாவும் இருந்துச்சு, போகட்டும்னும் இருந்துச்சு, ரெண்டும் நெசந்தான்.

"புதன்கிழமைதானே போவணும்?"னு அம்மா கேட்டுச்சு. உனக்கு எப்படித் தெரியும்மான்னேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பாப்பா, உங்கிட்டச் சொன்னா சிரிக்கக் கூடாது"ன்னுச்சு. "மாதாவுக்கு மாதாவுக்குன்னு சொல்லிக்கிட்டு ஒவ்வொரு வாசலா நின்னேன்ல. அந்தத் துணிக்கடை அக்கா ஒரு நாளு நாகூர்ல கடலு எப்படி இருக்கும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் கேட்ட டிக்கெட்டெல்லாம் கடலைப் பாக்கத்தான். மாதாவுக்கும் அது தெரிஞ்சிருக்கும். அதான் வண்டி ரொம்பிடுச்சுன்னு சொல்ல வெச்சுட்டா." நான் அம்மா கையைப் புடிச்சிக்கிட்டேன். போலாம்மா, நான் சம்பளம் வாங்கினதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னேன். "ஆமாமா, போலாம்"னு சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுச்சு.

புதன்கிழமை விடிஞ்சதும் நான் பெட்டியைத் தூக்கினப்ப அப்பா உள்ளயே இருந்தாரு. அம்மா வாசல் வரைக்கும் வந்து நெத்தியில சிலுவை போட்டுச்சு. என் கையில ஒரு பொட்டலம், தக்காளிச் சோறு. தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிப் பார்த்தா அப்படியே நிக்குது. பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது வாம்மான்னு அங்கிருந்தே கூப்பிட்டேன். அம்மா உள்ள ஒரு தடவை திரும்பிப் பார்த்துச்சு.

"நான் எங்க வர்றது பாப்பா, உங்கப்பாவுக்கு டீ போடணும்"ன்னுச்சு.